காசை எண்ணுவதா, நாணயத்தை எண்ணுவதா: எங்கள் ஆட்டத்துக்கு எந்தப் பண விதி?

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவது ரோல்-பிளேயிங் ஆட்டம்: ஆளுக்கு ஒரு கேரக்டர், அதாவது கதாபாத்திரம், எடுத்துக்கொண்டு டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துவார்கள், கதையை எழுதி நடத்துவது நான். எட்டாவது செஷனில், அதாவது எட்டாவது அமர்வில், குகைக்குள் இருந்த பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே 2,340 செப்புக்காசு, 615 வெள்ளிக்காசு, 88 பொற்காசு. முந்தின நாள் ராத்திரி நான்தான் ஆசை ஆசையாக எழுதி வைத்தேன், எண்ணிக்கை நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று. அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் ஆட்டமே நடக்கவில்லை. ஐந்து பேருக்குப் பங்கு போட வேண்டும், மொத்தம் 3,043 காசு, ஐம்பது காசு ஒரு பவுண்டு எடை என்று விதி சொல்வதால் கிட்டத்தட்ட 61 பவுண்டு, அதாவது இருபத்தேழரை கிலோ, அதை யார் தூக்குவது, செப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகலாமா, செப்பே 23 பொற்காசு பெறுமே, அதை எப்படி விடுவது... கணக்கு நோட்டு வைத்திருந்த தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தாள். அடுத்த இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. போன் பண்ணினால், "அண்ணே, ஆடிட்டர் ஆபீஸ்ல வாரம் பூரா இதைத்தான் செய்றேன், ஞாயித்துக்கிழமையும் இதேதானா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். அந்த கேம்பெய்ன், அதாவது அந்தத் தொடர்கதை, பத்தாவது செஷனோடு நின்றது.

ஆடி மாசம் முடிந்ததும் புதிதாக ஒன்று தொடங்கப் போகிறோம். அதற்குமுன் பணத்துக்கும் சாமானுக்கும் என்ன ஹவுஸ் ரூல், அதாவது எங்களுக்கென்று சொந்த விதி, வைப்பது என்று முடிவு பண்ணியாக வேண்டும். இடையில் கிடைத்த ஞாயிறுகளில் ஒவ்வொரு வழியாக ஆடிப் பார்த்தோம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் இதே சிக்கல் இருந்தால் எங்களுக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்த வழி எந்த இடத்தில் கடிக்கும் என்று சொல்ல முடியும்.

நாங்கள் ஆடுவது காரைக்குடியில் நண்பனுடைய பூர்வீக வீட்டில், இரண்டாம் கட்டில், வளவு ஓரமாகப் பாய் விரித்து. வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், பாதி அறைக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால் திறக்கும். பணத்தைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏன் என்று பின்னால் வரும்.

முதல் வழி: காசைக் காசாகவே எண்ணுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்-பிளேயிங் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் பத்துச் செப்பு ஒரு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். பந்தம் ஒரு செப்பு, ஐம்பதடிக் கயிறு ஒரு பொன், நீள வாள் 15 பொன், காயம் ஆற்றும் மருந்து 50 பொன், உடம்பு முழுக்க மூடும் தகட்டுக் கவசம் 1,500 பொன். இந்த 1,500 என்ற எண் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஐம்பது காசு ஒரு பவுண்டு என்றால் ஒரு காசு ஒன்பது கிராம், நம் ஊர்க் கணக்கில் ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் ஒரு கவசத்துக்குப் பதிமூன்றரை கிலோ தங்கம், ஆயிரத்து எழுநூறு சவரன். இதை நண்பனின் அப்பத்தாவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன், அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவ்வளவு பவுன் இருக்கிறவன் ஏந்தம்பி சண்டைக்குப் போறான்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. தேர்ந்த கூலியாளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பொன், கவசம் என்பது அவனுடைய 750 நாள் சம்பளம். சில லெவல், அதாவது தகுதிப் படி, ஏறியதும் ஒரு வீரன் அதை வாங்கிவிடுகிறான். வாங்கின பிறகு பொன்னுக்கு வேலையே கிடையாது, கவச விலைப்பட்டியல் அங்கே முடிந்துவிடுகிறது, நோட்டில் எண் மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

1974-ல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இப்படி இல்லை. அங்கே வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி. காசை எண்ணுவதுதான் லெவல் ஏறுவதே. அப்படி இருக்கும்போது ஒரு மூட்டை செப்பை விடுவதா, தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து பேயிடம் மாட்டுவதா என்பது உயிர்ப் பிரச்சினை. அந்த விதியை எடுத்துவிட்டு எண்ணும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது எழுத்து வேலைதான்.

ஆகவே எண்ணத்தான் வேண்டும் என்றால் பழைய விதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். புதையலை எப்போதும் ஒரே உலோகத்தில் வையுங்கள், எடையை விட்டுவிட்டு நூறு காசு பையில் ஓர் இடம் என்று வையுங்கள், சாப்பாடு தங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொன் என்று மொத்தமாகக் கழித்துவிடுங்கள். நாங்கள் மூன்று செஷன் அப்படி ஆடினோம், முதல் இரண்டு லெவல் வரைக்கும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கையில் நாலு பொன் இருக்கிறது, கயிறா எண்ணெயா என்று மூன்று பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வறுமை இருக்கிறவரைதான் இந்த வழி வேலை செய்யும்.

இரண்டாம் வழி: வசதியை ஓர் எண்ணாக வைத்து டைஸ் போடுவது

2002-ல் வந்த டி20 மாடர்ன் என்ற ஆட்டத்தில் பணமே கிடையாது, வெல்த் போனஸ் என்று ஓர் எண் மட்டும். பொருளுக்கு ஒரு கடின எண். இருபது பக்க டைஸ் போட்டுப் போனஸைக் கூட்டி அதை எட்டினால் பொருள் உங்களுடையது. போனஸ் 6, பொருளின் எண் 15 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு அறுபது. வாங்கினால் போனஸில் இரண்டு குறையும், பொருள் உங்கள் வசதிக்கு மேலே என்பதால் ஒன்று, எண் பதினைந்தைத் தொட்டதால் இன்னொன்று.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் போனஸுக்குச் சமமான அல்லது குறைந்த பொருளை டைஸ் போடாமலே வாங்கலாம், எண் பதினைந்தைத் தொடாதவரை எதுவும் குறையாது. எங்கள் டாக்டர் அண்ணன் இதை ஐந்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டார். "அப்ப நான் இருபது கயிறு வாங்குறேன், நாப்பது கயிறு வாங்குறேன், என் வசதி அப்படியேதான இருக்கும்?" ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு செஷனுக்கு அந்த மாதிரி வாங்கல் ஒன்றுதான் என்று கட்டுப்பாடு போட்டால் ஓடும். இன்னொரு குறை மனசு சம்பந்தப்பட்டது: வாங்க முடியாமல் போனால் ஏன் முடியவில்லை என்று கதையில் ஒன்றும் இல்லை. காசு இல்லையா, கடையில் இல்லையா, கடைக்காரருக்கு மனசில்லையா? டைஸ் மட்டும்தான் சொல்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது கால் ஆஃப் கத்துலு ஏழாம் பதிப்பின் கிரெடிட் ரேட்டிங். 0 முதல் 99 வரை ஓர் எண். 1920-களின் கணக்கில் ரேட்டிங் 40 என்றால் கையில் 80 டாலர், சொத்து 2,000 டாலர், ஒரு நாளைக்குப் பத்து டாலருக்குள் என்ன செலவழித்தாலும் எழுத வேண்டாம். கையிருப்பு வேறு, சொத்து வேறு என்று அது பிரிக்கிறது பாருங்கள், அந்தப் பிரிவு செட்டிநாட்டில் வளர்ந்த யாருக்கும் சட்டென்று விளங்கும்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது, 1938-ல் அது 25 ஆனது. விலைக்கு வாங்கிச் சேர்த்தது இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, அவர்களிடம் கடன் வாங்கிய உழவர்களால் திருப்ப முடியவில்லை, அடமானம் நிலமாகத் திரும்பியது. உழுதவனுக்கு நிலம் போனது, கொடுத்தவனுக்குக் காசு முடங்கியது, ரெண்டு பக்கமும் அடி. பேரேட்டில் பார்த்தால் சொத்து, அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்க முடியாது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் ஊருக்கு ஓடிவந்தவர்கள் எந்த நிலத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு வரவில்லை. 1948-ல் அங்கே நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்துவிட்டது. இந்த ஊர்களில் இன்னும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது, பர்மா அரக்குப் பெட்டி இருக்கிறது, அந்தப் பணம் இல்லை.

இதை ஆட்டத்தில் கொண்டுவர முடிந்தால் பணம் என்பது வெறும் எண்ணாக இருக்காது. கோட்டை இருக்கிறது, கோட்டையை விற்றுக் குதிரை வாங்க முடியாது. சொத்து என்ற கட்டத்தை கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாளில், தனியாக வையுங்கள், அதைக் காசாக மாற்ற ஒரு முழு செஷன் ஆகும் என்று விதி போடுங்கள், போதும்.

ரோக் டிரேடர் என்ற 2009 ஆட்டத்தில் இந்த எண் ஆளுக்கு ஆள் கிடையாது, கப்பலுக்கே ஒன்று. பிராஃபிட் ஃபேக்டர் என்று பெயர், வாங்கும்போது அது குறைவதும் இல்லை. குழுவாகச் சேர்ந்து வணிகம் பண்ணும் கதைக்கு இது சரி. நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது "குழுவுக்கே ஒன்று" என்பதை மட்டும்.

மூன்றாம் வழி: கேட்கும்போது பையிலிருந்து எடுப்பது

இது பணத்தைப் பற்றிய விதி கிடையாது, சாமானைப் பற்றியது. ஆனாலும் இதைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டம் 2017-ல் வந்தது. கிளம்பும்போது என்ன கொண்டுபோகிறோம் என்று எழுதவே வேண்டாம், சுமை லேசா, நடுத்தரமா, கனமா என்று மட்டும் சொல்ல வேண்டும்: 3, 5, 6. உள்ளே போய்ச் சுவர் எதிரே நின்றதும், "கயிறு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி ஒரு கட்டத்தை அடித்துக்கொள்ளலாம். கடை, விலை, ஒன்றும் கிடையாது.

திட்டம் போடுவதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும் குழுவுக்கு இது மருந்து மாதிரி. ஒரு சோதனை ஆட்டத்தில் ஆடிட்டர் தங்கச்சிக்கு ஒரே கட்டம் மிச்சம், கதவுக்குப் பின்னால் காவலாள் காலடிச் சத்தம், பூட்டைத் திறக்கும் கம்பியா, மயக்க மருந்தா? ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷம் யாரும் போனைப் பார்க்கவில்லை. பழைய கேம்பெய்னில் காசு எண்ணிய போது இந்த அமைதி ஒரு தடவைகூட வந்ததில்லை.

இதோடு சேர்ந்து போகும் இன்னொன்று தி பிளாக் ஹேக் என்ற ஆட்டம் 2016-ல் கொண்டுவந்த யூசேஜ் டை, அதாவது சாமான் தீர்வதைக் காட்டும் டைஸ். எண்ணெய், அம்பு, சோறு எதையும் எண்ண வேண்டாம், எட்டுப் பக்க டைஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். பயன்படுத்தும்போதெல்லாம் உருட்டுங்கள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஆறு பக்கத்துக்கு இறங்கும், அப்புறம் நாலு, அதிலும் விழுந்தால் தீர்ந்தது. சராசரிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எட்டில் நாலு தடவை, ஆறில் மூன்று, நாலில் இரண்டு, ஆக ஒன்பது தடவை வரும். ஆறில் தொடங்கினால் ஐந்து, பன்னிரண்டில் தொடங்கினால் இருபது. ஆனால் துரதிருஷ்டம் பிடித்தால் எட்டுப் பக்கம் மூன்றே உருட்டலில் காலி. ஆத்தங்குடிக் கல்லில் அந்த நாலு பக்க டைஸ் உருளாது, பொத்தென்று விழுந்து சறுக்கிக்கொண்டு போய் நிற்கும், ஐந்து தலையும் குனிந்து பார்க்கும், ஒன்று. விளக்கு அணைந்தது. எனக்கு அந்த ராத்திரி மறக்காது.

குறை என்னவென்றால், பொருளுக்கு வரலாறு இல்லாமல் போய்விடும். எங்கிருந்தோ வந்த கயிறு, எங்கோ போகும். செலவாகிற சாமானுக்குப் பரவாயில்லை. அப்பா விட்டுப்போன வாளுக்கு இது ஆகாது.

நான்காம் வழி: கடனோடு தொடங்குவது

டிராவலர் 1977-ல் வந்த விண்வெளி ஆட்டம். அதில் குழுவுக்கு முதல் நாளே ஒரு கப்பல் கிடைக்கலாம், கிடைத்தால் கூடவே கடனும் வரும். விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், மிச்சத்துக்கு மாதாமாதம் விலையில் 240-ல் ஒரு பங்கு, 480 மாதம், நாற்பது வருஷம். கூட்டிப் பார்த்தால் விலையைப் போல இரண்டேகால் மடங்கு கிட்ட வந்துவிடும். சாதாரணச் சரக்குக் கப்பல் 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட், மாதத் தவணை 1,54,500. இந்தத் தவணைக்காகத்தான் அவர்கள் ஏற்றக்கூடாத சரக்கை ஏற்றுவார்கள், போகக்கூடாத கிரகத்துக்குப் போவார்கள். நான் கதையே எழுத வேண்டாம், மாதம் பிறந்தால் போதும்.

நான்கு செஷன் ஆடினோம். இரண்டு பேருக்கு உயிர், இரண்டு பேருக்கு மூச்சு முட்டியது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவர், "ஞாயித்துக்கிழமை இந்த நெனப்பு வேணாம்ப்பா" என்று சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் விதி வைக்கிறவர்கள் முதலில் ஆடுகிறவர்களிடம் கேளுங்கள். நாற்பது வருஷத்துக்குப் பதில் ஆறு தவணை என்று சுருக்கினால் மூச்சு வரும், முடிவும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் இந்த வழியில் எனக்குக் கிடைத்தது பெரிசு. கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். காசு எண்ணும் ஆட்டத்தில் கடைக்காரருக்கு முகமே கிடையாது, கடன் வாங்கிய ஆட்டத்தில் அவருக்குப் பேர் இருக்கிறது, மகளுக்குக் கல்யாணம் வருகிறது, அவருக்கும் பணம் வேண்டும்.

சாமான் எப்படிக் கையில் வருகிறது

இங்கே பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத்தான் வருவார்கள். வீடு பாகம் பிரிந்தாலோ இடித்தாலோ சாமான் அங்கே வந்து சேரும்: எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பித்தளை அண்டா, கதவு, தூண், ஐந்தறைப் பெட்டி. விலைச்சீட்டு தேட வேண்டாம். நீங்கள் யார், எதற்கு, எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை. ஒரு கடையில் ஒரு பித்தளை வாளியைத் திருப்பிப் பார்த்தேன், விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தின எழுத்து, மூன்று முதலெழுத்து, ஒரு பேர். விலாசம். நகரத்தார் வீட்டுப் பாத்திரத்தில் விலாசம் வெட்டாமல் இருக்காது, கல்யாணத்தில் நூற்றுக்கணக்கில் பரப்பி வைக்கிற சாமானில் யாருடையது எது என்று தெரிய வேண்டுமே. ஒரு எழுத்து தேய்ந்து போயிருந்தது. விரலால் தடவினால்தான் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி எழுதின விதி இதுதான், இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கயிறு, எண்ணெய் தவிர எந்தப் பொருள் கேரக்டர் கைக்கு வந்தாலும் அதில் ஒரு விலாசம் இருக்கும். வாளின் கைப்பிடியில், சேணத்தின் அடியில், புத்தகத்தின் முதல் பக்கத்தில். யாருடைய பேர் என்று வாங்குகிறவர் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். நான் அதை எழுதி வைத்துக்கொள்வேன். மூன்று செஷன் கழித்து அந்தப் பேருக்குரியவர் வருவார், அல்லது அவர் மகன் வருவார். பட்டியலில் பதினைந்து பொன் வாளாக இருந்தது இப்போது அடகு வைத்து மீட்க முடியாமல் போன ஒருத்தருடைய வாள்.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவு

நாணயம் என்று நாம் காசையும் சொல்கிறோம், சொன்ன சொல் தவறாமல் இருப்பதையும் சொல்கிறோம். எங்கள் விதியில் எண்ணுவது இரண்டாவதை.

குழுவுக்கு ஒரு நாணயம், ஊருக்கு ஊர் தனி. புது ஊரில் 2-ல் தொடங்கும். பொருள் மூன்று வகை. சில்லறை எண்ணப்படாது, அதற்கு யூசேஜ் டை. வாள், குதிரை, படகு மாதிரி சரக்கு எல்லாம் பற்றில், அதாவது பேரேட்டில் எழுதிக் கடனாக. அரிய பொருள் கடையில் கிடைக்காது, அதைத் தேடிப் போவதே ஒரு கதை.

சரக்கு கேட்டால் இரண்டு ஆறு பக்க டைஸ், கூட நாணயம். பத்தோ மேலோ வந்தால் பற்றெழுதிக் கொடுத்துவிடுவார். ஏழிலிருந்து ஒன்பது என்றால் கொடுப்பார், ஆனால் ஈடு கேட்பார், அல்லது ஜாமீன், அல்லது ஒரு வேலை. ஆறோ கீழோ என்றால் இப்போதே மதிப்பான ஒன்றைக் கொடுக்க வேண்டும், இல்லையானால் வெறுங்கை. இந்த ஏழும் பத்தும் 2010-ல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்திலிருந்து எடுத்தது. அந்த ஊரில் அடைக்காமல் நிற்கிற ஒவ்வொரு பற்றுக்கும் ஒன்று கழியும்.

கணக்கு எப்படி விழுகிறது என்றால்: நாணயம் 2, பற்று ஏதும் இல்லை, அப்போது 36-ல் 15 வழி சுத்தமாகக் கிடைக்கும், 15 வழி நிபந்தனையோடு, 6 வழி கிடைக்காது. ஒரு பற்று நின்றால் 10, 16, 10. இரண்டு நின்றால் 6, 15, 15. மூன்றாவது பற்றுக்குப் போகிறவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும். நிபந்தனையோடு கிடைக்கிற பங்கு பெரிதாக மாறாமல் இருப்பதையும் கவனியுங்கள், ஆட்டத்தில் பேச்சு நடப்பது அந்த இடத்தில்தான்.

புதையல் காசாக வராது, பெட்டியாக வரும். ஒரு பெட்டி ஒரு பற்றை அடைக்கும். மூன்று பற்று தவணைக்குள் அடைந்தால் அந்த ஊரில் நாணயம் ஒன்று ஏறும். தவணை தப்பினால் ஒன்று இறங்கும், அதோடு விடாது, அடுத்த செஷனில் பக்கத்து ஊருக்குச் செய்தி போய்விடும். சென்னைக்கும் ரங்கூனுக்கும் கடல் நடுவே இருந்தும் ஒருவர் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, இன்னொருவர் பார்த்துப் பணம் கொடுத்தார் என்றால் அந்தப் பேர் மேல் இருந்த நம்பிக்கையில்தான். அந்தப் பேர் கெட்டால் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பதும் ஆட்டத்தில் தெரிய வேண்டும்.

தனிப் பணம் வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். அதற்கு நண்பன் தன் வீட்டையே காட்டினான். மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்கள், ஒரே வீட்டுக்குள் அவனுக்கு ஓர் அறை, ஒரு வருஷச் சாமான், தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவும் முகப்பும் பொது. அதே மாதிரி ஒவ்வொரு கேரக்டருக்கும் செஷனுக்கு ஒரு செலவுக் காசு, யாரிடமும் கேட்காமல் செலவழிக்கலாம், சேர்த்து வைக்க முடியாது. பேரேடு பொது. ஒரு பற்று எழுத மூன்று பேர் சம்மதம் வேண்டும்.

மூன்று ஞாயிறு சோதித்தோம். இரண்டாவது ஞாயிறு டாக்டர் அண்ணன் படகு கேட்டு எட்டு போட்டார். படகுக்காரர் ஈடு கேட்டார், அவர் தன் கேரக்டரின் அம்மா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதை மீட்கவே அடுத்த ஆட்டம் முழுக்க ஓடியது, நான் எழுதி வைத்திருந்த பேய்க் கோட்டைக்கு யாரும் போகவில்லை. பேரேடு இப்போதும் ஆடிட்டர் தங்கச்சியிடம்தான். இந்தத் தடவை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள், ஒரு செஷனுக்கு நாலு வரிதான் எழுத வேண்டியிருக்கிறது, நாலும் யாரோ ஒருவருடைய பேரோடு இருக்கிறது.

இதில் ஓட்டை உண்டு. ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிற கதைக்கு இது ஒத்துவராது, திரும்பி வராத ஊரில் நாணயத்துக்கு என்ன மரியாதை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டிலும் குகையிலும் பத்து செஷன் ஓடும் என்றால் முதல் வழிக்குப் போங்கள், பழைய அனுபவப் புள்ளி விதியோடு. ஒரே ஒரு ராத்திரி ஆட்டம் என்றால் மூன்றாவது, யோசிக்கவே வேண்டாம். 1920, 30-களில் நடக்கிற கதை என்றால் கிரெடிட் ரேட்டிங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கை வைக்காதீர்கள். டி20 மாடர்ன் முறையை மட்டும் எந்தக் குழுவுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. கேரக்டர் செத்துப்போனால் அவன் பேரில் எழுதின பற்று என்ன ஆகும்? செத்தவனோடு கடனும் போய்விட வேண்டும் என்கிறார் டாக்டர் அண்ணன். தகப்பன் கடனை மகன் அடைக்காமல் எப்படி அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பான் என்கிறாள் தங்கச்சி. நான் எழுதி வைத்திருப்பது இப்படி: புதிதாக வருகிற கேரக்டர் செத்தவனுடைய கடனை ஏற்றுக்கொண்டால் அவன் சாமான் எல்லாம் விலாசத்தோடு இவனுக்கு வரும், வேண்டாம் என்றால் சாமான் கடன் கொடுத்தவருக்குப் போகும், குழுவின் நாணயத்தில் ஒன்று குறையும். சிவப்புத் துணி கட்டின நீள நோட்டு ஒன்று வாங்கி வைத்தாயிற்று. வருகிற ஞாயிறு ஓட்டெடுப்பு, அதற்கப்புறம் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி.